40 வயது தாண்டிய பெண்களுக்கு இலவசப் பரிசோதனை: விருத்தாசலம் செராமிக் கொட்டகைக்கு வந்து சேருமா?

கார்த்திகை தீபத்துக்கு முந்தைய வாரங்களில் விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் அகல் விளக்குகள் வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும். நவராத்திரி என்றால் கொலு பொம்மைகள். மின்சாரப் பலகையில் மாட்டும் பீங்கான் பியூஸ் போன்ற பொருட்களும் இங்கே தயாராகின்றன. களிமண் கூழை அச்சில் ஊற்றுவது, காய்ந்ததும் பிசிறு எடுப்பது, வண்ணம் தீட்டுவது, எண்ணி அடுக்குவது போன்ற வேலைகளில் பெண்களின் கைதான் அதிகம்.

அங்கே 47 வயதில் ஒரு அம்மா வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சூளைக்குப் பக்கத்தில் நிற்கும்போது திடீரென்று நெஞ்சிலிருந்து முகத்துக்கு ஒரு சூடு ஏறுகிறது. ஜாக்கெட் நனைந்துபோகிறது. இரண்டு நிமிஷத்தில் அடங்கிவிடுகிறது. ராத்திரி மூன்று முறை முழிப்பு வருகிறது. மாதவிலக்கு இரண்டு மாதம் வராமல் இருந்து, மூன்றாவது மாதம் பத்து நாள் கொட்டுகிறது. சென்னையில் வேலை பார்க்கும் மகள் போன் செய்து, "ஏம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டால், பதில் தயாராக இருக்கிறது: "ஒண்ணும் இல்லடி. வயசாயிடுச்சுல்ல."

அந்த மகளோ மகனோ நீங்களாக இருக்கலாம். அம்மா சூளைக்கு அருகில் இல்லாமல் துணிக்கடையிலோ, பள்ளிக்கூடத்திலோ, வீட்டு அடுப்படியிலோ இருக்கலாம். பதில் மட்டும் மாறாது. "வயசாயிடுச்சு" என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. ஆனால் நம் ஊரில் 40-லிருந்து 55 வயது வரை பெண்களுக்கு வரும் எல்லாவற்றுக்கும் அதுவே பெயராகிவிட்டது.

இதை இப்போது பேசக் காரணம் இருக்கிறது. 40 வயது தாண்டிய தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இலவச உடல் பரிசோதனை என்பது இப்போது சட்டத்தின் பேச்சாகிவிட்டது. அந்தப் பரிசோதனையில் பெண்ணின் உடம்பு பற்றிய கேள்விகள் இருக்குமா, அது சின்னக் கொட்டகைகளுக்கு வந்து சேருமா என்பதுதான் நாம் கேட்க வேண்டியது.

சட்டம் என்ன சொல்கிறது?

2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் ஒன்று பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் தொடர்பானது. 40 வயதைக் கடந்த தொழிலாளர்கள் அனைவருக்கும் முதலாளி ஆண்டுதோறும் இலவச உடல் பரிசோதனை செய்துதர வேண்டும் என்று அரசு அப்போது அறிவித்தது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தத் தொகுப்பு பொதுவாக 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குத்தான் பொருந்தும். குடும்பமாக நடத்தும் ஒரு பொம்மை யூனிட்டில் ஆறு பேர் இருந்தால்? ஏழாவது ஆள் சீசனுக்கு மட்டும் வந்து, பீஸ் ரேட்டில் கூலி வாங்கிப் போகிறவராக இருந்தால்? அவருக்கு இந்த 40 வயதுக் கணக்கு வெறும் செய்தித்தாள் செய்திதான்.

செராமிக் தொழிலுக்கு இதில் ஒரு தனி இடம் உண்டு. ஆபத்தான செயல்முறைகள் கொண்ட தொழில்களின் பட்டியலில் கண்ணாடி, செராமிக் இரண்டும் தொழிற்சாலைகள் சட்டம் 1948-லேயே இடம்பெற்றவை. ஆபத்தான தொழிலில் ஒரே ஒருவர் வேலை செய்தாலும் இ.எஸ்.ஐ. பாதுகாப்பு உண்டு என்று புதிய தொகுப்புகள் பற்றிய மத்திய அரசின் விளக்கம் சொல்கிறது. ஆக, ஆள் எண்ணிக்கை குறைவு என்று சொல்லி விருத்தாசலத்தின் சின்ன யூனிட்டுகளைத் தள்ளிவைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மனசிருந்தால் வழி இருக்கிறது.

நாற்பதுகளில் உடம்புக்குள் என்ன நடக்கிறது?

தொடர்ந்து 12 மாதம் மாதவிலக்கு வரவில்லை என்றால் அதுதான் மெனோபாஸ். இந்தியப் பெண்களுக்கு இது சராசரியாக 46, 47 வயதில் வருகிறது. மேலை நாடுகளில் 51 வாக்கில். அதாவது நம் அம்மாக்களுக்கு நாலைந்து வருஷம் முன்னாடியே வந்துவிடுகிறது. 40 வயதுக்கு முன்பே நின்றுவிட்டால் அது இயல்பு அல்ல, மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

சிரமம் பெரும்பாலும் நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகளிலேயே ஆரம்பித்துவிடும். சினைப்பையில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு ஏறி இறங்கத் தொடங்கும். மூளையில் உடல் வெப்பத்தைக் கவனிக்கும் பகுதி அதனால் தடுமாறும். கொஞ்சம் சூடு கூடினாலும் "உடம்பு கொதிக்குது" என்று எடுத்துக்கொண்டு, ரத்தக் குழாய்களை விரித்து, வியர்வையைக் கொட்டவைக்கும். அதைத்தான் ஹாட் ஃபிளஷ் என்கிறார்கள். சிலருக்கு வரவே வராது. சிலருக்கு ஒரு நாளைக்குப் பத்து முறை வரும். அமெரிக்காவில் பல ஆண்டுகள் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்றில், அடிக்கடி இப்படி வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது ஏழு ஆண்டுக்கு மேல் நீடித்திருந்தது.

தூக்கம் கெடுவது, எரிச்சல், காரணமில்லாத படபடப்பு, மறதி, மூட்டு வலி, பிறப்புறுப்பில் வறட்சி, அடிக்கடி சிறுநீர்த் தொற்று போன்றவையும் கூட வரலாம். வெளியே தெரியாமல் நடப்பவை இன்னும் முக்கியமானவை. மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில் எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறைகிறது. அதுவரை ஈஸ்ட்ரோஜன் கொடுத்துவந்த பாதுகாப்பு போவதால் மாரடைப்பு அபாயமும் கூடுகிறது.

விருத்தாசலம் கோயிலைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதை உண்டு. பசியோடு வந்த குரு நமசிவாயர் இங்குள்ள அம்மனை மூத்தவளாகப் பாடிச் சோறு கேட்டாராம். "கிழவி என்று பாடினால் நான் எப்படிச் சோறும் தண்ணீரும் தூக்கிக்கொண்டு வருவேன்?" என்று அம்மன் கேட்டாளாம். பிறகு இளையவளாகப் பாடியதும் உணவு வந்ததாம். விருத்தாம்பிகை, பாலாம்பிகை என்று இரண்டு சன்னதிகள் இருப்பதற்கு இந்தக் கதையைச் சொல்வார்கள். தன் உடம்புக்கு முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல அம்மனுக்கு முடிந்தது. நம் வீட்டு அம்மாக்கள் அதைக்கூடச் சொல்வதில்லை. சோறு மட்டும் நேரத்துக்கு வந்துவிடுகிறது.

சூளையும் தூசியும் என்ன செய்கின்றன?

பீங்கான் பொருட்கள் 1,200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுடப்படுபவை. அந்தச் சூளை இருக்கும் இடத்தில், உடம்பின் வெப்பக் கட்டுப்பாடே தடுமாறும் ஒரு பெண் நிற்கும்போது என்ன ஆகும் என்று யோசியுங்கள். சித்திரை, வைகாசி வெயிலும் சேர்ந்தால் நீரிழப்பு, தலைசுற்றல், மயக்கம் வரை போகும்.

இதற்கு மருந்து தண்ணீர்தான். ஆனால் தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டும். பெண்களுக்கென்று சுத்தமான கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்கள் எடுக்கும் முடிவு எல்லா ஊரிலும் ஒன்றுதான்: தண்ணீரைக் குறைப்பது. ஈஸ்ட்ரோஜன் குறையும் வயதில் சிறுநீர்த் தொற்று ஏற்கனவே சுலபமாக வரும். தண்ணீரையும் குறைத்தால் கேட்கவே வேண்டாம். ஒரு கழிப்பறைக் கதவு இங்கே மருத்துவச் சாதனம் மாதிரி.

அடுத்தது தூசி. செராமிக் கலவையில் குவார்ட்ஸ் இருக்கிறது. அது சிலிக்கா. காய்ந்த பொருளைத் தேய்த்துப் பிசிறு எடுக்கும்போதும், தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத துகள் காற்றில் ஏறுகிறது. ஆண்டுக்கணக்கில் உள்ளே போனால் நுரையீரலில் தழும்பு விழும். அதுதான் சிலிகோசிஸ். குணப்படுத்த முடியாது, தடுக்க மட்டுமே முடியும். காசநோய் வரும் அபாயத்தையும் அது கூட்டுகிறது. சிலிக்கா தூசி மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே வகைப்படுத்தியது.

சிலிகோசிஸ் பொதுவாகப் பத்து ஆண்டோ அதற்கும் மேலோ தூசியில் இருந்த பிறகுதான் வெளியே தெரியும். 25 வயதில் வேலைக்குச் சேர்ந்த பெண்ணுக்கு அது தெரியவரும் வயது எது? அதே நாற்பதுகள். மூச்சு வாங்குவது, களைப்பு, தூக்கமின்மை, இருமல் எல்லாம் ஒரே சமயத்தில் வரும்போது எது மெனோபாஸ், எது ரத்தசோகை, எது நுரையீரல் என்று பிரித்துப் பார்க்க ஒரு மருத்துவர் வேண்டும். முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டால் இந்தத் துகள் நிற்காது. என்-95 முகக்கவசம் வேண்டும். தரையை ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

49 வயதோடு நின்றுபோகும் கணக்கு

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டில் ஒருவருக்கு மேல். பெண்களின் ரத்தசோகையை அந்த ஆய்வு 49 வயதோடு நிறுத்திக்கொள்கிறது. பிள்ளை பெறும் வயது முடிந்ததும் பெண்ணின் ரத்தம் கணக்கிலிருந்து வெளியேறிவிடுகிறது.

நம் சுகாதார அமைப்பு வளர்ந்த விதம் அப்படி. கர்ப்பிணிக்கு அட்டை உண்டு, ஊசி உண்டு, வீட்டுக்கு வந்து விசாரிக்கும் செவிலியர் உண்டு. தாய் சேய் நலத்தில் தமிழ்நாடு பெயர் வாங்கியது அதனால்தான். அதன் பிறகு நீரிழிவு, ரத்த அழுத்தம் வந்தால் அரசு மறுபடியும் கதவைத் தட்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்தது. 2024-ல் அது 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' என்று தொழிற்சாலைகளுக்குள்ளும் போனது. நல்ல விஷயம். ஆனால் பிரசவத்துக்கும் நீரிழிவுக்கும் நடுவில் ஒரு பத்துப் பதினைந்து வருஷம் இருக்கிறது. அந்த இடைவெளியில் பெண்ணிடம் "மாசம் ஒழுங்கா வருதாம்மா? தூங்குறீங்களா?" என்று கேட்க யாருக்கும் வேலை ஒதுக்கப்படவில்லை.

கேட்டால் என்ன பலன் கிடைக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குக் கருப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய சோதனையைச் செய்து, தொடர்ந்து கவனித்தார்கள். பயிற்சி பெற்ற செவிலியர்களே செய்த சோதனை அது. பெரிய கருவி எதுவும் இல்லை. அம்பிளிக்கையில் உள்ள சமூக மருத்துவ மையம், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்ந்து நடத்திய அந்த ஆய்வின் முடிவு 2007-ல் லான்செட் இதழில் வெளியானது. சோதனை நடந்த ஊர்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் வரும் இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தன.

இது நடந்த மாநிலத்தில், இன்று அந்தச் சோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கும் மாநிலத்தில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது அதைச் செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம்தான் என்கிறது அதே தேசிய ஆய்வு. இந்தியாவின் 1.9 சதவீதத்தோடு ஒப்பிட்டால் நாம் மேல்தான். ஆனால் பத்தில் ஒன்பது பேர் இன்னும் வெளியே நிற்கிறார்கள்.

"கர்ப்பப்பையை எடுத்துடலாமா?"

யாரும் நேரத்தில் கேட்காவிட்டால் என்ன ஆகும்? நாற்பதுகளில் வரும் அதிக ரத்தப்போக்கைப் பொறுத்துப் பொறுத்து, கடைசியில் தாங்க முடியாமல் மருத்துவமனைக்குப் போகும்போது, "பிள்ளைதான் பெத்தாச்சே, எடுத்துடலாம்" என்பது முதல் பேச்சாக வந்துவிடுகிறது.

இதன் மோசமான முகத்தை மகாராஷ்டிர மாநிலம் பீட் மாவட்டத்தில் பார்த்தோம். கரும்பு வெட்டப் போகும் பெண்களில் 82,309 பேரிடம் 2019-ல் விசாரித்தபோது, 13,861 பேருக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது. ஒரு நாள் லீவு எடுத்தால் கூலி போவதோடு அபராதமும் கட்ட வேண்டிய வேலையில், மாதவிலக்கே வேண்டாம் என்று பெண்கள் முடிவெடுக்கும் நிலை. தேவையில்லாத கர்ப்பப்பை அறுவை சிகிச்சைகளைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் அமல்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

விருத்தாசலம் பீட் அல்ல. ஆனால் பீஸ் ரேட் கூலி எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது. உட்கார்ந்தால் காசு இல்லை. அறுவை சிகிச்சை சிலருக்குக் கட்டாயம் தேவை, அதை மறுக்கவில்லை. பலருக்கு மாத்திரை, ஹார்மோன் கலந்த காப்பர்-டி மாதிரியான கருவி என்று வேறு வழிகளும் உண்டு. முதலில் ஸ்கேன், தேவைப்பட்டால் திசுப் பரிசோதனை, பிறகு இன்னொரு மருத்துவரின் கருத்து. இந்த மூன்றும் இல்லாமல் கையெழுத்துப் போட வேண்டாம். கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், மெல்ல வர வேண்டிய மெனோபாஸ் ஒரே நாளில் வந்துவிடும். அதையும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஹார்மோன் சிகிச்சை ஆபத்தா?

2002-ல் அமெரிக்காவின் ஒரு பெரிய ஆய்வு, ஹார்மோன் மாத்திரை எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய், பக்கவாதம் கொஞ்சம் அதிகம் என்று கண்டு பாதியில் நிறுத்தப்பட்டது. உலகம் முழுக்க பயம் பரவியது. பிறகு அந்த விவரங்களை வயது வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது படம் மாறியது. 60 வயதுக்குள் இருப்பவர்கள், மாதவிடாய் நின்று 10 ஆண்டு தாண்டாதவர்கள், கடும் சிரமம் உள்ளவர்கள் ஆகியோருக்குப் பெரும்பாலும் பலனே அதிகம். அந்த மருந்துகளின் மேல் இருந்த கடும் எச்சரிக்கை வாசகத்தை நீக்கப்போவதாக 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்தது.

அதற்காக மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிச் சாப்பிடும் விஷயம் அல்ல இது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக் கட்டி பிரச்சினை உள்ளவர்கள் பொதுவாக இதை எடுக்கக் கூடாது. "வேண்டவே வேண்டாம்" என்ற பயமும் தப்பு, யூடியூப் பார்த்துத் தானாக ஆரம்பிப்பதும் தப்பு. ஹார்மோன் இல்லாத மருந்துகளும் இருக்கின்றன. மகப்பேறு மருத்துவரிடம் கேட்க வெட்கப்பட ஒன்றுமில்லை.

விருத்தாசலத்தில் என்ன செய்யலாம்?

"மோர்பி டைல்ஸோட போட்டி போட முடியாம நாங்களே திணறுறோம், டாக்டருக்கு எங்க போறது?" என்று சின்ன யூனிட் நடத்துபவர் கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆறு பேருக்காக அவர் தனியாக முகாம் நடத்த முடியாது. ஆனால் விருத்தாசலத்துக்கு ஒரு வசதி உண்டு. யூனிட்டுகள் சிதறிக் கிடக்கவில்லை, பல யூனிட்டுகள் ஒரே தொழிற்பேட்டைக்குள் இருக்கின்றன. ஊருக்குள்ளேயே அரசு மருத்துவமனை இருக்கிறது. சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. செராமிக் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்கும் அரசுப் பயிலகமும் இதே ஊரில்தான். தூசியை எப்படிக் குறைப்பது என்று சொல்ல வெளியூர் நிபுணரைத் தேட வேண்டியதில்லை.

ஆகவே நாம் கேட்பது நான்கு.

முதலாவது, பரிசோதனையை யூனிட் வாரியாக அல்லாமல் தொழிற்பேட்டை வாரியாக நடத்துங்கள். ஆள் எண்ணிக்கை, நிரந்தரம், சீசன், பீஸ் ரேட் எதுவும் பார்க்காமல் 40 தாண்டிய எல்லோரும் வரலாம் என்று சொல்லுங்கள். தொழிலாளர் துறையும் மக்கள் நல்வாழ்வுத் துறையும் சேர்ந்தால் போதும்.

இரண்டாவது, பட்டியலில் ரத்த அழுத்தம், சர்க்கரையோடு நின்றுவிடாதீர்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, மார்பகப் பரிசோதனை, கருப்பை வாய்ப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, நுரையீரலின் திறனை அளக்கும் ஊதல் சோதனை எல்லாம் சேரட்டும். கூடவே ஒரு பக்கக் கேள்வித்தாள்: மாதவிலக்கு, தூக்கம், மனநிலை, சிறுநீர், அடி இறங்கிய உணர்வு. கேட்பவர் பெண்ணாக இருக்கட்டும். திரை போட்ட இடத்தில் கேட்கட்டும்.

மூன்றாவது, அந்த நாளுக்குக் கூலி உண்டு என்று எழுத்தில் கொடுங்கள். கூலி போகும் என்றால் யாரும் வரமாட்டார்கள். அதைவிட முக்கியம், முடிவு தொழிலாளியின் கைக்கு மட்டும் போக வேண்டும். "எக்ஸ்ரேவில் ஏதாச்சும் தெரிஞ்சா வேலைய விட்டு நிறுத்திடுவாங்களோ" என்ற பயம் ஒரு பெண்ணைப் பரிசோதனைக்கே வரவிடாமல் செய்யும். இலவசமாகக் கொடுத்தாலும் அந்தப் பயத்தோடு கொடுத்தால் பிரயோஜனமில்லை.

நான்காவது, செலவில்லாத மாற்றங்கள் நாளைக்கே ஆரம்பிக்கட்டும். தாழ்ப்பாள் போடும் கழிப்பறை, குடிதண்ணீர், உட்கார ஸ்டூல், சூளைப் பக்கம் மாற்றி மாற்றி ஆள் போடுவது, உலர்ந்த துடைப்பத்துக்குப் பதில் ஈரத்துணி.

வீட்டில் நீங்கள் என்ன செய்யலாம்?

சட்டம் வரும்போது வரட்டும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது செய்யக்கூடியவை இவை.

கேளுங்கள். "உடம்பு எப்படி இருக்கு?" என்றால் "நல்லாருக்கு" என்றுதான் பதில் வரும். "ராத்திரி தூக்கம் வருதாம்மா? திடீர்னு வேர்க்குதா? மாசம் எப்படிப் போகுது?" என்று குறிப்பாகக் கேளுங்கள். மகன்களும் கேட்கலாம். முதல் முறை கூச்சமாக இருக்கும், இரண்டாவது முறை இருக்காது.

ஒரு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். அதை டீ, காபியோடு சாப்பிட்டால் உடம்பில் சேராது. எலுமிச்சை ஜூஸோடு, நெல்லிக்காயோடு சாப்பிட்டால் நன்றாகச் சேரும். களைப்புக்குத் தைராய்டும் காரணமாக இருக்கலாம், அதையும் பார்த்துவிடுங்கள்.

தட்டைப் பாருங்கள். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கிடைக்கும். கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, எள்ளுருண்டை, பால், மோர், நெத்திலி எல்லாம் நம் சாப்பாடுதான். பிரச்சினை என்னவென்றால், எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடுபவரின் தட்டுக்கு இவை வருவதில்லை.

நடக்கச் சொல்லுங்கள். "நாள் பூரா நின்னுட்டுத்தானே இருக்கேன்" என்பார்கள். நின்றுகொண்டே இருப்பது வேறு, நடப்பது வேறு. அரை மணி நேர வேக நடையும், தசைக்கு வேலை கொடுக்கும் எளிய பயிற்சியும் எலும்புக்கும் தூக்கத்துக்கும் நல்லது. வீட்டு வேலையை நீங்கள் பங்கு போட்டால்தான் அவருக்கு அந்த அரை மணி நேரம் கிடைக்கும்.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்க வேண்டாம். மாதவிடாய் நின்று ஒரு வருஷம் ஆன பிறகு ஒரு துளி ரத்தம் வந்தாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். மார்பில் கட்டி, உடலுறவுக்குப் பின் ரத்தக் கசிவு, இரண்டு வாரம் தாண்டிய இருமல், நெஞ்சில் அழுத்தத்தோடு வரும் வியர்வை போன்றவையும் அப்படித்தான். கடைசியாகச் சொன்னதை ஹாட் ஃபிளஷ் என்று விட்டுவிடக் கூடாது, அது மாரடைப்பாக இருக்கலாம். சந்தேகம் கேட்க 104, அவசரத்துக்கு 108, மனசு தாங்கவில்லை என்றால் டெலி மனஸ் 14416.

கார்த்திகைக்கு நம் வாசலில் ஏற்றும் விளக்கு யாரோ ஒரு 47 வயதுப் பெண்ணின் கையில் பிசிறு எடுக்கப்பட்டு வந்திருக்கலாம். அவருக்கு நாம் தர வேண்டியது நன்றி மட்டும் இல்லை. கூலி போகாத ஒரு பரிசோதனை நாள், கதவு பூட்டும் ஒரு கழிப்பறை, கூச்சப்படாமல் பேச ஒரு செவிலியர். பெரிய செலவு எதுவும் இதில் இல்லை. 40 வயது என்று சட்டத்தில் எழுதியாகிவிட்டது. அந்த வயதில் ஒரு பெண்ணின் உடம்பில் என்னவெல்லாம் நடக்கிறது என்பதையும் தெரிந்துகொண்டு அதை நடைமுறைக்குக் கொண்டுவருவது அரசின் வேலை. அதுவரை, இன்றைக்கு ராத்திரி அம்மாவுக்கு ஒரு போன் போடுங்கள். "வயசாயிடுச்சு" என்று சொன்னால் அங்கேயே விட்டுவிடாதீர்கள். "சரிம்மா, என்னென்ன பண்ணுதுன்னு ஒண்ணொண்ணா சொல்லு" என்று கேளுங்கள்.